பொதி கட்டும்போது .எஸ்ஓ பைலை எங்கே வைப்பது?

2025 செப்டெம்பர் 6, காலை (கோண்டாவில் வாசகர் ஒருவரின் கேள்வி)

அண்ணை, தமிழ்ச் சொற்பிழை பார்க்கிற ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறேன். கட்டளையின் பெயர் சொல்திருத்தி. தேடுகிற வேலை முழுக்க லிப்சொல் என்ற ஷெயார்ட் லைப்ரரியில் (பல நிரல்கள் ஓடும்போது பகிர்ந்து பாவிக்கக்கூடிய .எஸ்ஓ பைலில்) இருக்கிறது. என் உபுண்டு லினக்ஸில் மேக் இன்ஸ்டோல் என்ற நிறுவல் கட்டளையைக் கொடுத்தால் அது /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் இல் போய் இருக்கும், நன்றாக ஓடும். அதையே நிறுவல் பொதிகளாக, டெபியன், உபுண்டுவுக்கு டெப், ஃபெடோரா போன்றவற்றுக்கு ஆர்பிஎம் என்று கட்டினேன். கொக்குவிலில் சிநேகிதன் ஃபெடோராவில் போட்டுப் பார்த்தால் "லிப்சொல்.எஸ்ஓ.1 ஐத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு பைல் இல்லை" என்கிறது. பைல் அங்கேதான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறோம். எல்லாவற்றையும் /யுஎஸ்ஆர்/லிப் இல் போட்டுவிட்டால் எந்த லினக்ஸிலும் ஓடும் என்று நினைக்கிறேன். சரிதானே?

செப்டெம்பர் 6, இரவு

சரியில்லை, தம்பி. ஆனால் கேள்வி நல்ல கேள்வி, ஒரு பதிலில் முடியாது. இன்றைக்கு முதல் பாதி.

பைல் கண்ணுக்குத் தெரிகிறது, நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடி ஏற்றுகிற லோடருக்குத் தெரியவில்லை. நிரல் தொடங்கும்போது லோடர் வட்டு முழுக்கத் தேடிக்கொண்டு போவதில்லை. எல்டிகொன்ஃபிக் என்ற கட்டளை முன்கூட்டியே தயாரித்து வைத்த பட்டியல் ஒன்று /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.காஷ் என்ற பைலில் இருக்கும், அதைப் பார்க்கும். அதில் இல்லையென்றால் இயல்பான ஒன்றிரண்டு அடைவுகளைப் பார்க்கும். அவ்வளவுதான். எந்த அடைவுகளைப் பட்டியலில் சேர்ப்பது என்பதை /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கொன்ஃப்.டி உள்ளே இருக்கிற சின்னச் சின்னப் பைல்கள் சொல்லும். டெபியன், உபுண்டுவில் அங்கே /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் எழுதப்பட்டிருக்கும். ஃபெடோரா சேர்ந்த ரெட் ஹாட் குடும்பத்தில் வழக்கமாக இருக்காது. உம்முடைய சிநேகிதனின் கணினியில் நடந்தது இதுதான்.

அதற்காக ஃபெடோராவில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று எடுக்க வேண்டாம். /யுஎஸ்ஆர்/லோக்கல் என்பது கணினிக்குச் சொந்தக்காரரின் இடம். அவர் கையால் கட்டிப் போடுகிறவற்றுக்கு அது. பொதி மேலாளர் வழியாக வருகிற எதுவும் அதற்குள் கால் வைக்கக்கூடாது. 1994 இல் முதல் வெளிவந்து 2015 இல் 3.0 ஆன கோப்பு அமைப்புத் தரநிலையில் இந்தப் பிரிப்பு இருக்கிறது. டெபியன் கொள்கை ஏடு இன்னும் கறாராக, பொதி அங்கே பைல் வைக்கவே கூடாது என்கிறது. நீர் அங்கே ஒரு பைலை வைத்து, அந்தக் கணினிக்காரர் ஏற்கெனவே அதே பெயரில் தான் கட்டிய ஒன்றை வைத்திருந்தால், அவருடைய வேலை போய்விடும்.

ஆகவே பிரிஃபிக்ஸ் /யுஎஸ்ஆர் ஆக இருக்க வேண்டும். பொதிக்குள் திரட்டுவதற்கு டெஸ்ட்டிர் என்ற மாறியைப் பயன்படுத்தும். இந்த இரண்டையும் குழப்புகிற ஆட்கள் கனக்கப் பேர். பிரிஃபிக்ஸ் என்பது பைல் கடைசியில் வாழப்போகிற இடம். டெஸ்ட்டிர் என்பது பொதி கட்டும்வரை தற்காலிகமாக அடுக்கி வைக்கிற இடம். தற்காலிக இடத்தைப் பிரிஃபிக்ஸாகக் கொடுத்தால் கட்டியவருடைய வீட்டு அடைவின் பாதை லைப்ரரிக்குள்ளும், லைப்ரரி எங்கே இருக்கிறது என்று கட்டுமானக் கருவிகளுக்குச் சொல்கிற .பிசி பைலுக்குள்ளும் எழுதப்பட்டுவிடும். பிறகு வாங்குகிறவர் கணினியில் இல்லாத அடைவைத் தேடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட பொதிகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

செப்டெம்பர் 7

இரண்டாம் பாதி. /யுஎஸ்ஆர்/லிப் ஏன் எல்லா இடத்துக்கும் ஒரே விடை இல்லை?

2003 இல் ஏஎம்டி 64 பிட் சிப்புகள் வந்தபோது ஒரே கணினியில் 32 பிட் நிரலும் 64 பிட் நிரலும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டிய நிலை வந்தது. ஒரே பெயரில் இரண்டு லைப்ரரி, ஒரே அடைவில் இருக்க முடியாது. ரெட் ஹாட்டும் சூசேயும் பழைய /யுஎஸ்ஆர்/லிப் ஐ 32 பிட்டுக்கே விட்டுவிட்டு 64 பிட்டுக்கு /யுஎஸ்ஆர்/லிப்64 என்று புதிதாகத் திறந்தன. டெபியன்காரர் வேறு விதமாக யோசித்தார்கள். ஒவ்வொரு கட்டமைப்புக்கும் (சிப்பின் வகைக்கும்) அதன் முழுப்பெயரில் ஓர் அடைவு. சாதாரண மடிகணினியில் /யுஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-குனு, பழைய 32 பிட்டில் /யுஎஸ்ஆர்/லிப்/ஐ386-லினக்ஸ்-குனு, 64 பிட் ராஸ்பெரி பையில் /யுஎஸ்ஆர்/லிப்/ஏஆர்ச்64-லினக்ஸ்-குனு. இதை மல்டிஆர்ச் என்பார்கள். உபுண்டு 11.04 இல் 2011 இல் வந்தது, டெபியன் 7 இல் 2013 இல் வந்தது. ஆர்ச் லினக்ஸோ 64 பிட்டை நேராக /யுஎஸ்ஆர்/லிப் இல் வைக்கிறது, 32 பிட்டை /யுஎஸ்ஆர்/லிப்32 க்கு அனுப்புகிறது.

எனக்கு டெபியன் வழிதான் பிடிக்கும். இரண்டு கட்டமைப்புக்குத்தான் லிப்64 தாங்கும். மூன்றாவது வந்தால் என்ன செய்வது? மடிகணினியில் இருந்துகொண்டே ராஸ்பெரி பைக்குக் கட்டுகிற ஆட்களுக்கு மல்டிஆர்ச் பெரிய உதவி. ஆனால் எனக்குப் பிடிப்பது இங்கே முக்கியமில்லை. அந்த அடைவை முடிவு செய்கிறது விநியோகம், அதாவது டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை. நிரல் எழுதியவரும் இல்லை, பொதி கட்டுபவரும் இல்லை. உம்முடைய கட்டுமானக் கோப்பு அந்த முடிவைக் கேட்டு நடக்க வேண்டும்.

நீர் அனுப்பிய கட்டுமானக் கோப்பான சிமேக் பைலைப் பார்த்தேன். லைப்ரரி போக வேண்டிய இடம் "லிப்" என்று வெறுமனே எழுதியிருக்கிறீர். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, குனுஇன்ஸ்டோல்டிர்ஸ் என்ற மொட்யூலைச் சேர்த்து, அது தருகிற லிப்டிர் (லைப்ரரி அடைவு) மாறியைப் போடும். பிரிஃபிக்ஸ் /யுஎஸ்ஆர் என்றால் டெபியனில் அதுவே மல்டிஆர்ச் அடைவைத் தரும், ஃபெடோராவில் லிப்64 தரும். மெசொன் என்ற இன்னொரு கட்டுமானக் கருவியில் எழுதுகிறவர்களுக்கு இந்த வேலையே இல்லை, அது தானாகப் பார்த்துக்கொள்ளும். ஆர்பிஎம் பொதியை விவரிக்கிற ஸ்பெக் பைலில் இதற்கென்றே _லிப்டிர் என்ற மாக்ரோ இருக்கிறது, அதை மட்டும் பாவியும்.

செப்டெம்பர் 7, பின்னேரம்

சுன்னாகத்திலிருந்து ஒருவர் எழுதுகிறார்: டெபியனில் /யுஎஸ்ஆர்/லிப் உம் தேடப்படுகிறதே, அங்கே போட்டாலும் ஓடுமே?

ஓம், ஓடும். லோடர் அங்கேயும் பார்க்கும். ஆனால் அதே லைப்ரரியின் 32 பிட் பொதியையும் அதே கணினியில் போட முடியாது, இரண்டும் ஒரே பைலுக்குச் சண்டை பிடிக்கும். ஓடுகிறதா என்பது ஒரு கேள்வி. மற்றவர்களோடு சேர்ந்து இருக்குமா என்பது வேறு கேள்வி. பொதி கட்டுபவர் இரண்டாவதுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பழைய ஆட்கள் /லிப் ஆ, /யுஎஸ்ஆர்/லிப் ஆ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி இப்போது இல்லை. ஃபெடோரா 17 இல் 2012 இலேயே இரண்டையும் ஒன்றாக்கினார்கள். டெபியன் 12 இலிருந்து அங்கேயும் /லிப் என்பது /யுஎஸ்ஆர்/லிப் ஐக் காட்டுகிற இணைப்பு மட்டுமே.

செப்டெம்பர் 9

கோண்டாவில் தம்பி தனியாக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் அனுப்பியிருக்கிறார். எல்டி_லைப்ரரி_பாத் மாறியில் தன் அடைவைப் போட்டு, பிறகு சொல்திருத்தியை அழைக்கிறது. "இப்போது எல்லா இடத்திலும் ஓடுகிறது" என்கிறார்.

இதை வெளியே கொடுக்க வேண்டாம் என்று மன்றாட்டமாகச் சொல்கிறேன். அந்த மாறி உம்முடைய நிரலோடு நிற்காது. உம்முடைய நிரல் அழைக்கிற எல்லாவற்றுக்கும் அது போகும். உதவிப் பக்கத்தைக் காட்ட நீர் உலாவியைத் திறந்தால் உலாவியும் முதலில் உம்முடைய அடைவில்தான் லைப்ரரி தேடும். அங்கே ஒரு பழைய இசட்லிப் (தரவைச் சுருக்குகிற லைப்ரரி) கிடந்தால் உலாவி அதை எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த மனிதர் உலாவி பழுது என்று அலைவார், உம்மை நினைக்கவே மாட்டார்.

தேடும் ஒழுங்கைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று விளங்கும். ஆர்பாத், ரன்பாத் இரண்டும் பைலுக்குள்ளேயே எழுதி வைக்கிற தேடல் பாதைகள், ஆர்பாத் பழையது. பைலுக்குள் ஆர்பாத் மட்டும் எழுதியிருந்தால் முதலில் அது. அடுத்து எல்டி_லைப்ரரி_பாத். அடுத்து பைலுக்குள் எழுதிய ரன்பாத். அதற்குப் பிறகுதான் காஷ் பட்டியல், கடைசியாக இயல்பான அடைவுகள். அதாவது அந்த மாறி விநியோகம் கவனமாகத் தயாரித்த பட்டியலுக்கு முன்னால் போய் நிற்கிறது. நிரல் எழுதும்போது சோதிப்பதற்கு அது அருமையான கருவி. செட்யுஐடி நிரல்களில் (பைலின் சொந்தக்காரரின் அதிகாரத்தோடு ஓடுபவை) பாதுகாப்புக்காக லோடர் அதைக் கணக்கில் எடுக்காது, அதையும் நினைவில் வையும்.

செப்டெம்பர் 10

இன்றைக்கு இந்த இழையின் நடுக்கேள்வி. எங்கே வைப்பது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது: இந்த லைப்ரரியை வேறு யார் பாவிக்கிறார்கள்?

எங்கள் ஊரில் பங்குக் கிணறு இருக்கிறது, வளவுக்குள் வெட்டிய சொந்தக் கிணறும் இருக்கிறது. சொந்தக் கிணற்றின் துலாவை நீர் நினைத்த நேரம் மாற்றலாம். பங்குக் கிணற்றில் கை வைக்க வேண்டுமென்றால் பங்குகாரர் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், முறை தப்பக்கூடாது. லிப்டிருக்குள் நேராக வைக்கிற லைப்ரரி பங்குக் கிணறு. அதை யாரும் இணைக்கலாம், இணைத்தவர்களை நீர் உடைக்கக்கூடாது.

சொல்திருத்தி மட்டும்தான் லிப்சொல்லைப் பாவிக்கிறது என்றால் அதற்குச் சொந்த அடைவு வேண்டும். டெபியனில் /யுஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-குனு/சொல்திருத்தி, ஃபெடோராவில் /யுஎஸ்ஆர்/லிப்64/சொல்திருத்தி. அதாவது லிப்டிருக்குள் பொதியின் பெயரில் ஒரு அடைவு. நிரலுக்குள் அந்த இடத்தை ரன்பாத்தாக எழுத வேண்டும். ஃபெடோரா 35 இலிருந்து ஆர்பிஎம் கட்டும்போதே பிழையான ஆர்பாத்துகளைப் பிடித்து நிறுத்திவிடும். டெபியனில் பொதிகளைச் சரிபார்க்கிற லின்டியன் முறைப்பாடு சொல்லும். ஆனால் பொதி தன் சொந்த லைப்ரரியைத் தன் சொந்த அடைவில் தேடுவதற்கு இரண்டு இடத்திலும் அனுமதி உண்டு.

ரன்பாத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அது அந்தப் பைல் நேரடியாகக் கேட்கிற லைப்ரரிக்கு மட்டும் பொருந்தும். சொல்திருத்தி லிப்சொல்லைக் கேட்கிறது, லிப்சொல் லிப்எழுத்து என்ற இன்னொரு சொந்த லைப்ரரியைக் கேட்கிறது என்று வையும். சொல்திருத்தியில் எழுதிய ரன்பாத் லிப்எழுத்துக்கு உதவாது. லிப்சொல்லுக்குள்ளும் ஒரு ரன்பாத் எழுத வேண்டும். பழைய ஆர்பாத் அப்படியில்லை, பேரப்பிள்ளைகள் வரை போகும். கட்டும்போது நிரலையும் லைப்ரரியையும் இணைக்கிற லிங்கர் இன்று பல விநியோகங்களில் ரன்பாத்தையே இயல்பாக எழுதுகிறது, அதனால்தான் பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் இந்த இடத்தில் தடுக்குப்படுகிறார்கள்.

செப்டெம்பர் 11

நேற்று எழுதியதை இரவு திரும்ப யோசித்தேன். ஒருவர் மட்டும் பாவிக்கிற லைப்ரரி ஏன் ஷெயார்ட் லைப்ரரியாக இருக்க வேண்டும்? சொந்த அடைவு, ரன்பாத், லின்டியன் முறைப்பாடு, இவ்வளவும் தேவையா? லிப்சொல்லை ஸ்டாட்டிக்காக நிரலுக்குள்ளேயே கட்டிவிட்டால் வைக்க ஒரு பைலே இல்லை, தேட எதுவும் இல்லை. ஒரே பொதிக்குள் இரண்டு மூன்று கட்டளைகள் அதைப் பகிர்ந்தால் சொந்த அடைவு நியாயம். கட்டளை ஒன்றுதான் என்றால் ஸ்டாட்டிக்தான் சுகம்.

இதைச் சொந்த நிரலுக்கு மட்டுமே சொல்கிறேன். ஓப்பன்எஸ்எஸ்எல் (மறையாக்க லைப்ரரி), இசட்லிப் போன்றவற்றை நிரலுக்குள் அப்படிக் கட்ட வேண்டாம். காரணம் 14 ஆந் திகதிக் குறிப்பில்.

செப்டெம்பர் 13

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டிய காலம். யாழ் நகரில் ஒரு கடையின் உபுண்டு 20.04 கணினி திடீரென்று குழம்பிவிட்டது என்று கூப்பிட்டார்கள். எந்த நிரலைத் திறந்தாலும் "ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_1 என்ற பதிப்புக் கிடைக்கவில்லை" என்று ஒரே புலம்பல். இணையத்திலிருந்து எதையும் இறக்க முடியவில்லை, ஏனென்றால் இறக்குகிற கருவியும் அதே லைப்ரரியைத்தான் கேட்கிறது. மின்சாரம் வருகிற நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும்.

எல்டிகொன்ஃபிக்கிடம் பட்டியலைக் காட்டச் சொன்னேன். லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று உபுண்டு தந்த 1.1.1. மற்றது, அண்மையில் நிறுவிய கணக்கு மென்பொருள் ஒன்று தன் அடைவில் கொண்டு வந்த 1.1.0. அந்தப் பொதி /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கொன்ஃப்.டி க்குள் ஒரு பைலைப் போட்டிருந்தது, பெயர் 00 என்று தொடங்கியது, ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நின்றது. எஸ்ஓநேம், அதாவது நிரல் ஓடும்போது தேடப்படுகிற பெயர், இரண்டுக்கும் ஒன்று என்பதால் லோடர் முதலில் கண்டதை எடுத்தது. அந்த ஒரு பைலை அழித்து, எல்டிகொன்ஃபிக்கைத் திரும்ப ஓட்டினேன், கணினி எழும்பியது. கணக்கு மென்பொருளும் உபுண்டுவின் 1.1.1 ஓடு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அது கொண்டு வந்த பிரதிக்குத் தேவையே இருக்கவில்லை.

அந்தப் பொதியைக் கட்டியவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தன் நிரல் ஓட வேண்டும் என்று மட்டும் பார்த்தார். மற்றவர் கணினியில் லோடரின் பட்டியலைத் தொடுகிற எவரும் அந்தக் கணினியில் இருக்கிற ஒவ்வொரு நிரலுக்கும் பொறுப்பு எடுக்கிறார். எனக்கு இந்த விடயத்தில் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. அந்தக் கடைக்காரருக்கு இரண்டு நாள் பில் அடிக்க முடியவில்லை.

செப்டெம்பர் 14

"அப்படியென்றால் சொந்தப் பிரதியோடு வருகிற மென்பொருளை எங்கே வைப்பது?" என்று மானிப்பாயிலிருந்து ஒருவர்.

அதற்குத்தான் /ஒப்ட் இருக்கிறது. விநியோகத்துக்கு வெளியே இருந்து வருகிற, தன் சாமான் முழுவதையும் தானே சுமந்து வருகிற மென்பொருளின் இடம். /ஒப்ட்/பெயர்/லிப் என்று வைத்து, நிரலுக்குள் ரன்பாத்தை ஒரிஜின் என்ற குறியோடு எழுதினால் "நான் இருக்கிற அடைவிலிருந்து இத்தனை படி தள்ளி" என்று லோடர் புரிந்துகொள்ளும். அடைவை வேறிடத்துக்கு நகர்த்தினாலும் ஓடும். பட்டியலைத் தொடத் தேவையில்லை, மாறி வைக்கத் தேவையில்லை.

ஆனால் சுமந்து வருவதற்கு ஒரு விலை உண்டு. 2014 இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோது விநியோகங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதி ஒன்றைத் திருத்தி அனுப்பின. அதைப் பாவித்த எல்லா நிரலும், திரும்பத் தொடங்கியவுடன், ஒரே மூச்சில் பாதுகாப்பாகின. தனக்குள் பிரதி வைத்திருந்த மென்பொருள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. 2022 இல் இசட்லிப் 1.2.12 இல் திருத்திய ஓட்டைக்கும் இதே கதைதான், இசட்லிப்பைத் தனக்குள் கட்டிய நிரல்கள் எண்ணற்றவை. ஒரு பைல் திருத்தினால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்பதுதான் ஷெயார்ட் லைப்ரரியின் பெரிய நன்மை. கைத்தொலைபேசி டேட்டாவில் புதுப்பிப்பு இறக்குகிற எங்கள் ஆட்களுக்கு இது காசு விடயமும்கூட.

செப்டெம்பர் 17

கொக்குவில் மாணவி ஒருவர் கேட்கிறார், லிப்சொல்.எஸ்ஓ, லிப்சொல்.எஸ்ஓ.1, லிப்சொல்.எஸ்ஓ.1.4.2 என்று ஏன் மூன்று பெயர்?

தங்கச்சி, உண்மையான பைல் கடைசியில் இருப்பது. நடுவில் இருப்பது எஸ்ஓநேம். நிரலுக்குள் எழுதப்படுவது அந்தப் பெயர்தான், ஓடும்போது தேடப்படுவதும் அதுதான். எண் இல்லாத முதல் பெயர் நிரல் கட்டும்போது லிங்கருக்கு மட்டும் தேவை. ஆகவே எண் உள்ள இரண்டும் லிப்சொல்1 என்ற பொதிக்குள் போகும். எண் இல்லாதது, தலைப்புக் கோப்புகள் (லைப்ரரியில் என்னென்ன செயற்பாடுகள் உண்டு என்று சொல்பவை), .பிசி பைல் மூன்றும் லிப்சொல்-டெவ் பொதிக்குள் போகும். ஃபெடோராவில் டெவெல் என்பார்கள். .பிசி பைல் லிப்டிருக்குள் இருக்கிற பிகேஜிகொன்ஃபிக் அடைவில் இருக்க வேண்டும். மல்டிஆர்ச் அடைவுக்கு லைப்ரரியை மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்து போகிறார்கள்.

பொதியின் பெயரிலேயே 1 ஏன்? நாளைக்கு லிப்சொல்.எஸ்ஓ.2 வந்தால் லிப்சொல்2 என்ற பொதி தனியாக வரும். பழையதும் புதியதும் ஒரே கணினியில் இருக்கும். பழைய நிரல்கள் ஒவ்வொன்றாக மாறும்வரை எதுவும் உடையாது.

எண்ணை எப்போது கூட்டுவது என்பதில்தான் நேர்மை வேண்டும். ஒரு செயற்பாட்டை எடுத்துவிட்டாலோ, அதன் உள்ளீடுகளை மாற்றினாலோ எஸ்ஓநேம் எண் கூட வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் மட்டும் கூட்டத் தேவையில்லை. நீரும் கோண்டாவில் தம்பியும் சி++ இல் எழுதுகிறீர்கள், அதில் இன்னும் கவனம். வெளியே தெரிகிற வகுப்பில் ஓர் உறுப்பைச் சேர்த்தாலே அதன் அளவு மாறும், வெர்ச்சுவல் செயற்பாடு ஒன்றை நடுவில் நுழைத்தாலும் பழைய நிரல் பிழையான இடத்துக்குத் தாவும். 2015 இல் ஜிசிசி 5 கம்பைலர் வந்து ஸ்டிரிங் வகையின் உள்ளமைப்பை மாற்றியபோது எத்தனையோ சி++ லைப்ரரிகளைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. முடிந்தால் வெளி முகத்தைச் சாதாரண சி இல் வையுங்கள்.

செப்டெம்பர் 18

நேற்றையதோடு ஒட்டு. பொதிப் பெயர் எஸ்ஓநேமைப் பின்பற்றும் என்று எழுதினேன். உபுண்டு 24.04 இல் லிப்எஸ்எஸ்எல்3டி64 என்று ஒரு பொதி இருக்கிறதே, உள்ளே பைல் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 தானே என்று சுன்னாகத்து அன்பர் பிடித்திருக்கிறார். நல்ல கண்.

அது விதிவிலக்கு. 32 பிட் கட்டமைப்புகளில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அதை 64 பிட்டாக அகலப்படுத்தினால், எஸ்ஓநேம் மாறாமலே, பழைய நிரலும் புதிய லைப்ரரியும் பொருந்தாமல் போகும். பைலின் பெயரை மாற்றினால் மற்ற விநியோகங்களோடு ஒத்துப்போகாது. ஆகவே பொதியின் பெயரில் டி64 என்று ஒட்டி, பழையதையும் புதியதையும் கலக்காமல் தடுத்தார்கள். டெபியன் 13 உம் அதே வழி. ஐ386 ஐ மட்டும் பழையபடியே விட்டார்கள், அங்கே ஓடுவது பெரும்பாலும் பழைய நிரல்கள் என்பதால்.

ஐ386 பற்றிச் சொன்னதால் இன்னொன்று. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் 32 பிட் கணினிகளை இன்றும் காண்கிறேன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 க்கு அந்த வகையில் நிறுவியும் இல்லை, கேர்னலும் இல்லை. டெபியன் 12 இல் நிற்கலாம், அதற்கு நீண்டகால ஆதரவு 2028 யூன் வரை உண்டு. பிள்ளைகளுக்குத் தமிழ் நிரல் போய்ச் சேர வேண்டுமென்றால் அந்தக் கட்டமைப்புக்கும் கட்டிப் பாருங்கள். "லிப்" என்றும் "லிப்64" என்றும் கையால் எழுதியவர்கள் மாட்டுப்படுவது அங்கேதான்.

செப்டெம்பர் 21

சொற்பட்டியலை லிப்சொல்லுக்குள்ளேயே ஒரு பெரிய அணியாகக் கட்டியிருக்கிறார் தம்பி. எடுத்துவிடும். சொற்கள் எந்தச் சிப்பிலும் ஒன்றுதான். கட்டமைப்பைப் பொறுத்து மாறாதவை /யுஎஸ்ஆர்/ஷெயார்/சொல்திருத்தி க்குப் போக வேண்டும். ஹன்ஸ்பெல் என்ற சொற்பிழை பார்க்கிற நிரலின் அகராதிகளும் டெபியனில் /யுஎஸ்ஆர்/ஷெயார்/ஹன்ஸ்பெல் இல்தான் இருக்கின்றன. தனிப் பொதியாக, எல்லாக் கட்டமைப்புக்கும் ஒன்றாக வரும். ஈழத்து எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பட்டியல், தமிழ்நாட்டு எழுத்துக்கூட்டலுக்கு ஒன்று என்று பிரிக்கலாம். பட்டியலில் பத்துச் சொல் சேர்க்க லைப்ரரியைத் திரும்பக் கட்டுகிற தேவையும் இருக்காது. சொல் தொகுக்கிற தமிழாசிரியர் சி++ பக்கம் வரவே வேண்டாம்.

செப்டெம்பர் 22

ரொறன்ரோவிலிருந்து ஒருவர்: "நிக்ஸ்ஓஎஸ் விநியோகத்தில் /யுஎஸ்ஆர்/லிப் என்று ஒன்றே இல்லை, உங்கள் விதி அங்கே என்னவாகும்?"

அங்கே ஒவ்வொரு பொதியும் /நிக்ஸ்/ஸ்டோர் க்குள் தனக்கென்று ஓர் அடைவில் வாழும், ஒன்றையொன்று ரன்பாத்தால் தேடிக்கொள்ளும். எந்த விநியோகத்திலும் ஓடுகிற பொதி வகையான ஃபிளாட்பாக்கில் பிரிஃபிக்ஸ் /ஆப் ஆகிவிடும். லிப்டிரைக் கேட்டு நடக்கிற கட்டுமானக் கோப்பு இரண்டிலும் ஒரு வரி மாற்றாமல் கட்டப்படும். பாதையைக் கையால் எழுதியதற்கு அங்கே ஒட்டுப் போட வேண்டிவரும். 7 ஆந் திகதி எழுதியதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

செப்டெம்பர் 27

கட்டி முடித்த பிறகு என்ன பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு. ரீட்எல்ஃப் என்ற கட்டளையை, பைலின் டைனமிக் பகுதியைக் காட்டச் சொல்லி ஓட்டுங்கள். எஸ்ஓநேம் சரியா, ரன்பாத்தில் உங்கள் வீட்டு அடைவு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று தெரியும். சிமேக் நிறுவும்போது கட்டுமான ரன்பாத்தை நீக்கிவிடும், ஆனாலும் பாருங்கள். ஏதாவது கிடைக்கவில்லை என்றால் எல்டி_டிபக் மாறியில் லிப்ஸ் என்று கொடுத்து நிரலை ஓட்டினால் லோடர் எந்தெந்த இடத்தில் தேடுகிறது என்று வரிவரியாகச் சொல்லும். கடையில் வேலை செய்த அன்றைக்கு எனக்கு வழி காட்டியதில் அதுவும் ஒன்று.

எல்டிகொன்ஃபிக்கை நிறுவல் ஸ்கிரிப்டில் எழுத வேண்டாம். டெபியனில் பொதி கட்ட உதவுகிற டெப்ஹெல்பர் அதற்கான தூண்டுதலைத் தானே சேர்க்கும், ஃபெடோரா 28 இலிருந்து அங்கேயும் எழுதத் தேவையில்லை.

ஒக்டோபர் 4

தம்பி 11 ஆந் திகதிக் குறிப்பைப் படித்து லிப்சொல்லை ஸ்டாட்டிக்காக மாற்றிவிட்டார், நன்றாக ஓடியது. இதற்கிடையில் கொக்குவில் தங்கச்சி லிப்சொல்லைப் பைதானிலிருந்து அழைக்க ஒரு மொட்யூல் எழுதிவிட்டார். இருவரும் என்ன செய்வது என்று சேர்ந்து கேட்கிறார்கள்.

இப்போது பாவிப்பவர் இரண்டு பேர். ஆகவே லிப்சொல் வெளியே வர வேண்டும், லிப்டிருக்குள் நேராக, எஸ்ஓநேமோடு, லிப்சொல்1 பொதியாக. சொல்திருத்தியும் பைதான் மொட்யூலும் அதில் தங்கியிருக்கும், ரன்பாத் எதுவும் வேண்டாம். வெளியே விடுவதற்கு முன் தலைப்புக் கோப்பை இருவரும் சேர்ந்து ஒரு தரம் வடிவாகப் பாருங்கள், விட்ட பிறகு எடுக்க முடியாத செயற்பாடுகள் அதில் கனக்க இருக்கின்றன.

தங்கச்சி, உம்முடைய மொட்யூலும் ஒரு .எஸ்ஓ பைல்தான், ஆனால் அது லிப்டிருக்குள் நேராகப் போகக்கூடாது. அதை யாரும் லிங்க் செய்வதில்லை, பைதான் ஓடும்போது பாதை கொடுத்துத் திறக்கிறது. எஸ்ஓநேமும் வேண்டாம், லிப் என்ற முன்னொட்டும் வேண்டாம். டெபியனில் /யுஎஸ்ஆர்/லிப்/பைதான்3/டிஸ்ட்-பக்கேஜஸ், கட்டமைப்பின் பெயர் பைலின் பெயருக்குள்ளேயே வரும். ஃபெடோராவில் லிப்64 க்குள் அந்தப் பைதான் பதிப்பின் சைட்-பக்கேஜஸ். இந்த இடத்தையும் கையால் எழுதாமல் பைதானிடமே கேட்டு எடும்.